கதிருக்குத் துணைநிற்கும் மருந்து

எமது பாலையூற்றில் விருந்தினர் முன் வெற்றிலைத் தட்டம் வைப்பது வழக்கம். அதிலுள்ள பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்கு ஏதுவாவன. அந்நோயுற்றார்க்குக் கதிர்ச்சிகிச்சையோடு மருந்தும் வேண்டுமென வைத்தியர் கூறுங்கால், கதிர் பயனற்றுப்போயிற்றென உறவினர் கலங்குவர். அதன் பொருள் அதுவன்று.

கதிர், புற்றுக்கலத்தின் மரபுப்பொருளைச் சிதைக்கும். கலமோ அச்சிதைவைச் செப்பனிட முயலும். சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து அம்முயற்சியைத் தடுப்பதால், அதே அளவு கதிர் கூடிய பயன் தரும். ஆயினும் அது சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் தாக்கவல்லது, எல்லோராலும் தாங்கவொண்ணாதது.

தாங்கவியலாதோர்க்கு வழிகாண, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 2017 முதல் 2021 வரை தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 356 பேரை ஆராய்ந்தனர். ஒரு சாரார்க்குக் கதிரோடு டோசிற்றாக்செல் என்னும் மருந்தும் கிழமைதோறும் சிற்றளவில் கொடுக்கப்பட்டது. அது கலம் பிரிகையுறும் நிலையில், கதிருக்கு எளிதில் இலக்காகும் வேளையில், அதனைத் தடுத்து நிறுத்துவது. ஈராண்டின்பின் உயிர்வாழ்ந்தோர், கதிர் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 41.7, மருந்தும் பெற்றோருள் 50.8. கடும் வாய்ப்புண்ணோ நூற்றுக்கு 22.2 இலிருந்து 49.7 ஆக உயர்ந்தது. நன்மைக்கு விலையும் உண்டு.

இடைச்சொல் தனித்து இயங்காது. பெயரையும் வினையையும் சார்ந்தே பொருள் தரும் என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். சிற்றளவில் இம்மருந்தின் பணியும் அத்தகையதே.

வாயில் இரு கிழமைக்கு மேலும் ஆறாத புண் இருப்பின், அன்பர்கள் தாமதியாது வைத்தியரை நாடுவாராக.