ஓடைப் பராமரிப்பும் உயிரினப் பாதுகாப்பும்: அலவத்துகொட – பிங்கா ஓயாப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

மலைநாட்டு வெள்ளங்களைப் பற்றிப் பேசும்போது நமது கவனம் பெரும்பாலும் மகாவலி போன்ற பேராறுகளின் மீதே செல்கிறது. அவ்வாறுகளுக்கு நீரைக் கொண்டுசேர்க்கும் சிற்றோடைகளும் வடிகால்களும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பின்னரே நினைவுக்கு வருகின்றன. இச்சிற்றோடைகளை எவ்வாறு பராமரிப்பது, அவற்றை நம்பி வாழும் உயிரினங்களுக்கு ஊறின்றி அப்பணியை எவ்வாறு செய்வது, அதனை யார் செய்வது ஆகிய மூன்று வினாக்களையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில் அக்குறணையைக் கடந்து, பலகடுவைக் கணவாய்க்கு முன்னர் அமைந்திருப்பது அலவத்துகொட. இப்பகுதிக் குன்றுகளின் நீர் பிங்கா ஓயாவாகத் திரண்டு, அக்குறணை நகரை ஊடறுத்துத் தெற்கே சென்று, கட்டுகஸ்தோட்டைப் பகுதியில் மகாவலியுடன் கலக்கிறது. அதற்குக் கீழே 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டு, மகாவலி நீரின் ஒரு பகுதியை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்குத் திருப்புகிறது. அந்நீர் சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக உலர்வலய வயல்களைச் சென்றடைகிறது. ஆகவே, அலவத்துகொடவின் ஓர் ஓடையிற் சேரும் மண்ணும் கழிவும் அக்கிராமத்தின் சொந்த விவகாரம் மட்டுமன்று.

வரலாற்றுப் பின்னணி

கண்டி இராச்சியக் காலத்தில் வாய்க்கால்களையும் அணைகளையும் பேணுதல் இராசகாரிய முறையின் ஓர் அங்கமாக இருந்தது. அதனை ஒரு பொற்காலமாகக் காண்பது பொருந்தாது. நிலத்தையும் சாதியையும் ஆதாரமாகக் கொண்ட கட்டாய உழைப்பு அது. எனினும் 1832இல் பிரித்தானியர் அதனை ஒழித்தபோது, அவ்வேலையைப் பொறுப்பேற்க வேறு எந்த அமைப்பையும் உருவாக்கவில்லை. வாய்க்கால்கள் தூர்ந்தன. பின்னர் 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய கிராம வழமைகளுக்கு மீண்டும் இடமளித்தது. வெல்விதானைமாரின் மேற்பார்வையில் நடைபெற்ற அப்பணி, 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் வழி பயிர்ச்செய்கைக் குழுக்களின் கைக்கு வந்தது.

இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுண்டு. வாய்க்காலால் பயன்பெறும் பயிர்ச்செய்கையாளரே அதனைத் துப்புரவு செய்தனர். தாழ்நில வயல்கள் நிரப்பப்பட்டுக் கடைகளும் வீடுகளும் எழுந்தபோது, இந்த அடிப்படை தகர்ந்தது. பாசன வாய்க்கால் கழிவு வாய்க்காலாயிற்று. அதனைத் தமதெனக் கருதுவோர் இல்லாமற் போயினர்.

மறுபுறம், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைச்சரிவுகளின் காடுகள் அழிக்கப்பட்டமையால் மண்ணரிப்பு நிரந்தரமாயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டமை இதன் பாரதூரத்தைக் காட்டுகிறது. இன்று ஓடையில் நாம் அள்ளும் மண், பெரும்பாலும் மேலேயுள்ள சரிவுகள் இழந்த மண்ணேயாகும்.

தோண்டுதலின் எல்லை

அக்குறணை நகர் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குவது யாவரும் அறிந்ததே. வெள்ளத்திற்குப் பின்னர் வழக்கமாகக் கையாளப்படும் பரிகாரம், பெக்கோ இயந்திரத்தால் ஓடையை ஒரே மூச்சில் தோண்டி, இரு கரைகளையும் மொட்டையாக்குவதாகும். இது செயலாகத் தோன்றுகிறது. ஆனால் தீர்வாவது அரிது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். பத்தடி அகலமான ஓடையைக் கட்டடங்கள் ஐந்தடியாக ஒடுக்கிவிட்டால், ஒரு துண்டை இரண்டடி ஆழப்படுத்துவதால் இழந்த கொள்ளளவு முழுமையாக மீள்வதில்லை. கீழேயுள்ள மட்டம் மாறாதிருக்க, இடையில் ஒரு துண்டை மட்டும் ஆழமாக்கினால், அங்கு நீரின் வேகம் குறைந்து மண் படிகிறது. குழி விரைவில் மீண்டும் நிரம்புகிறது. கரையின் அடி அரிக்கப்பட்டு மதில்கள் சரிகின்றன. அள்ளிய சேற்றைக் கரையிலேயே விட்டால் அடுத்த மழையில் அது ஓடைக்கே திரும்புகிறது. மருதும் மூங்கிலும் வெட்டப்பட்ட இடத்தில் வெயில் விழ, களைகள் முன்னரிலும் செழித்து வளர்கின்றன. நிழல் தரும் மரம் களையைக் கட்டுப்படுத்தும் ஒரு சாதனம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஓடையை நம்பிய உயிர்கள்

கல்லும் மணலும் மாறிமாறி அமைந்த மலை ஓடைகளின் அடித்தளமே கற்களை ஒட்டி வாழும் சிறுமீன்களின் உறைவிடம். இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஏறத்தாழ ஐம்பதில், மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. மலைநாட்டு நீர்வழிகளில் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் வாழ்கின்றன. மீன்கொத்திகள் மண்கரையிற் பொந்து குடைந்து முட்டையிடுகின்றன. கரையைக் கொங்கிறீற்றால் மூடுவதும், அடித்தளத்தை முழுமையாக வழித்தெடுப்பதும் இவற்றின் உணவையும் உறைவிடத்தையும் ஒரே நாளில் இல்லாதொழிக்கின்றன. தவளையும் மீனும் நுளம்புக் குடம்பிகளை உண்பவை என்பதால், இவ்விழப்பு மனிதனையும் வந்தடைகிறது.

பராமரிப்பு முறை

மாற்று முறை கடினமானதன்று. அதற்கு வேண்டுவது ஒழுங்கு. முதலாவதாக, பாலங்களிலும் மதகுகளிலும் சிக்கும் பொலித்தீன், மரக்கிளை முதலியவற்றை ஆண்டு முழுவதும் கைகளால் அகற்றுதல் வேண்டும். வெள்ளம் முதலில் எழுவது பெரும்பாலும் இவ்விடங்களிலேயே. இரண்டாவதாக, மண் அள்ளும் வேலையை ஐப்பசி, கார்த்திகைப் பெருமழைக்கு முன்னர், நீர் குறைந்துள்ள நாட்களில் முடித்தல் வேண்டும். பறவைகள் பல ஆண்டின் முற்பாதியிற் கூடுகட்டுவதால், கரைச் செடிகளை அக்காலத்தில் வெட்டாதிருத்தல் நன்று. மூன்றாவதாக, ஓராண்டில் ஒரு கரையையும் மறு ஆண்டில் மறு கரையையும் துப்புரவு செய்து, இடையிடையே தொடப்படாத துண்டுகளை விட்டுவைத்தல் வேண்டும். உயிர்கள் மீளப் பரவுவது அங்கிருந்தே. நான்காவதாக, அள்ளிய சேற்றை ஒருநாள் நீரோரம் வைத்து, அதிலுள்ள உயிர்கள் நீருக்குத் திரும்பிய பின்னர், மழைக்கு முன்பே அப்புறப்படுத்தல் வேண்டும். பெரிய கற்களையும் வேரூன்றிய மரங்களையும் அசைத்தலாகாது.

சேற்றில் இறங்குவோரின் நிலையும் இங்கு நோக்கற்பாலது. எலிக்காய்ச்சல் முதலில் தாக்குவது அவர்களையே. சப்பாத்தும் கையுறையும் தடுப்பு மருந்தும் வழங்காது செய்யப்படும் எந்தத் துப்புரவும் நாகரிகமானதன்று.

பொறுப்பு யாருடையது?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கண்டி மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அலவத்துகொடப் பகுதியிலும் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. அத்தகைய பெருமழையை ஓடைத் துப்புரவால் மட்டும் தடுத்திருக்கலாம் என நாம் கூறவரவில்லை. ஆனால், சரிவும் ஓடையும் தாழ்நிலமும் ஒரே உடலின் உறுப்புகள் என்பதை அப்பேரழிவு ஐயத்துக்கிடமின்றி உணர்த்திற்று.

கரையோர ஒதுக்கு நிலத்தை மீட்பதென்னும்போது, வேறு நிலமின்றி அங்கு குடிசை அமைத்தவனையும், வணிகத்துக்காக ஓடையை நிரப்பியவனையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியன்று. முன்னவனுக்கு முதலில் மாற்று நிலம் வேண்டும்.

பிரதேச சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவைகள் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை என அதிகாரம் பலவாகப் பிரிந்திருப்பதால், ஓடைக்கென ஒரு பொறுப்பாளர் இல்லை. மேற்சரிவுத் தோட்டத் தொழிலாளர், கிராம விவசாயி, கீழ்நகர வணிகர் ஆகிய மூவரையும் ஒருங்கே கொண்ட, ஊதியமும் கருவியும் நிரந்தர நிதியும் உடைய ஓடைக் குழுக்கள் அமைதல் வேண்டும். கட்டாய உழைப்பு மறைந்தமை வரவேற்கத்தக்கதே. அதன் இடத்தைச் சுதந்திர மனிதரின் கூட்டுப் பொறுப்பு இன்னும் நிரப்பவில்லை. 1832இல் ஏற்பட்ட வெற்றிடம் இன்றும் தொடர்வதாகவே நாம் கருதுகிறோம்.