பிரெஞ்சு ஓவியத்திற் கீழைத்தேயக் கோலம்

வரையப்பட்டவர் இன்னார் என அறியச் செய்வது உருவப்படத்தின் இலக்கணமாகும். கீழைத்தேயக் கோலத்திற் பெண்களைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் அவ்விலக்கணத்தை எல்லாப் பெண்களுக்கும் ஒருபடித்தாகக் கைக்கொண்டாரல்லர்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே துருக்கியப் பாங்கின்மீதான மோகம் பிரெஞ்சு உயர்குடியினரிடையே மிக்கிருந்தது. 1733ஆம் ஆண்டில் நத்தியே என்னும் ஓவியர், அரசகுலத்தவரான கிளெர்மோன் சீமாட்டியைப் பணிப்பெண்கள் சூழ நீராடும் சுல்தானாவாகத் தீட்டினார். பதினைந்தாம் லூயி மன்னனின் அபிமானத்துக்குரிய பொம்பதூர் சீமாட்டியும் வான் லூவின் ஓவியத்திற் கோப்பி அருந்தும் சுல்தானாவாகக் காட்சியளித்தார். கோலம் மாறினும் இவ்விருவர் பெயரும் நிலைத்தன. அருகு நின்ற பணிப்பெண்களோ பெயரற்றவராயினர்.

1798இல் நெப்போலியன் மேற்கொண்ட எகிப்தியப் படையெடுப்பை அடுத்துக் காசுமீரச் சால்வை பாரிஸ் மகளிரின் விருப்புக்குரிய அணியாயிற்று. ஆங்கிர் தீட்டி 1806இற் காட்சிக்கு வைக்கப்பட்ட ரிவியேர் அம்மையாரின் உருவப்படத்திலே அச்சால்வை எழிலுற விளங்குகின்றது. ஈண்டு கீழைத்தேயம் ஓர் அணிகலன்; அணிந்தவர் ரிவியேர் அம்மையாரே.

அதே ஓவியர் 1814இல், நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் அரசியுமான கரோலின் வேண்டியவாறு, 'பெரிய ஒடாலிஸ்க்' என்னும் படத்தை வரைந்தார். ஒடாலிஸ்க் என்பது அந்தப்புரப் பணிப்பெண்ணைக் குறிக்கும் துருக்கியச் சொல்லின் வழிவந்தது. தலைப்பாகையும் மயிற்பீலி விசிறியும் உடைய அப்பெண்ணின் முதுகு இயல்பினும் நீண்டதென 1819இல் விமர்சகர் குறைகூறினர். ஆங்கிர் கீழைத்தேயம் சென்றவரல்லர். அவர் தீட்டியது கற்பனையில் எழுந்த வடிவமே. அவளுக்குப் பெயரில்லை, அவளது தொழிலே பெயராயிற்று.

தெலக்குருவாவோ நேரிற் கண்டு வரைந்தவர். 1832இல் மொரோக்கோ, அல்ஜியேர்ஸ் ஆகிய இடங்களுக்குச் சென்ற அவர், அல்ஜியேர்ஸ் இல்லமொன்றினுட் புகும் வாய்ப்பைப் பெற்றார். ஆங்குத் தீட்டிய வரைவொன்றில் மூனே முதலான மகளிர் பெயர்களையும் குறித்தார். எனினும், 1834இற் காட்சிக்கு வைக்கப்பட்ட பேரோவியம் 'தம் அறையில் அல்ஜியேர்ஸ் மகளிர்' என்றே பெயர் பெற்றது. வரைவில் இருந்த பெயர்கள் ஓவியத் தலைப்பில் இடம்பெறவில்லை.

1870இல் ரெனுவா தம் வழக்கமான மாதிரிப்பெண்ணாகிய லீஸ் திரேயோவுக்குக் கீழைத்தேய ஆடை அணிவித்து, 'அல்ஜியேர்ஸ் பெண்' எனக் காட்சிக்கு வைத்தார். அவர் அல்ஜீரியாவுக்கு முதன்முதற் சென்றது 1881இலேயாம்.

சீமாட்டி அக்கோலத்தைப் பூண்டபோது அவர் பெயர் மேலும் ஒளிர்ந்தது. எளிய மாதிரிப்பெண் பூண்டபோது அவள் பெயர் மறைந்தது. அக்கோலத்துக்கு உரியவரான கீழைத்தேயப் பெண்ணோ தொழிலாலும் ஊராலும் மட்டுமே சுட்டப்பட்டாள். இவ்வோவியங்களின் வண்ணச் சிறப்பை வியக்கும் மாணவர், அவற்றின் தலைப்புகளையும் ஊன்றி நோக்குதல் வேண்டும்.