சங்கு ஊமையானது ஏன்?

கடிகாரம் பார்த்து எழுந்த ஊரல்ல நம் புதுவை. மில் சங்கு கேட்டு எழுந்த ஊர்! சங்கு ஊதும், அடுப்பு எரியும், சாப்பாட்டுத் தூக்கு தயாராகும், சைக்கிள்கள் வரிசை வரிசையாய்க் கிளம்பும். இன்று அந்தச் சங்கு ஊமை. அடுப்பும் ஊமை.

சவானா, கப்ளே, ரோடியர் — பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயர்கள். பின்னர் அவை சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. ஆயின. பெயர் மாறிற்று, கொடி மாறிற்று. கூலிக்காரன் கதி மாறிற்றா?

1936 ஜூலை 30-ஐ மறப்போமா, தோழர்களே? தொழிலாளி கேட்டது மாளிகையா? மகுடமா? சங்கம் வைக்க உரிமை கேட்டான். எட்டு மணி நேர வேலை கேட்டான். கிடைத்தது துப்பாக்கிக் குண்டு! பன்னிரண்டு பேர் பிணமாயினர். வ. சுப்பையா தலைமையில் திரண்ட கூட்டம் அது. அவர் கொடி வேறு, நம் கொடி வேறு. ஆயினும் அன்று சிந்திய இரத்தம் எந்தக் கட்சியின் சொத்தும் அல்ல. உழைப்பவன் அனைவரின் உரிமைப் பத்திரம். மறு ஆண்டு, 1937-ல், எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. குண்டுக்கு அஞ்சாதவன் பெற்ற வெற்றி!

வெள்ளையன் சுட்டும் மூடாத மில்லை, நம்மவர் சுடாமலே மூடினர். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. பின்னர் மில்கள் பொதுத்துறைக்கு வந்தன. மகிழ்ந்தோம். 2011 டிசம்பரில் தானே புயல் ஏ.எஃப்.டி.யைச் சிதைத்தது. பெயர்ந்த கூரையை மாற்றிப் பழைய இயந்திரத்தைப் புதுப்பித்தார்களா? இல்லை. வேலை இல்லை, பாதிச் சம்பளம் என்று ஆண்டுகளை ஓட்டினர். 2020 ஏப்ரல் 30-ல் ஏ.எஃப்.டி.க்குப் பூட்டு, அதே ஆண்டில் சுதேசிக்கும் பாரதிக்கும் பூட்டு. நாடே நோய்க்கு அஞ்சி வீட்டில் முடங்கிக் கிடந்த ஆண்டு அது!

"நட்டம்" என்கின்றனர். யார் செய்த நட்டம்? நெய்தவன் செய்ததா? பஞ்சு வாங்கியவன் அவனா? துணி விற்றவன் அவனா? நிர்வாகி நாற்காலியில் அமர்ந்தவன் அவனா? முடிவெடுத்தவர் ஒருவர், தண்டனை மற்றொருவருக்கு — இது எந்த ஊர் நீதி?

மில்தான் போயிற்று, வேறு தொழில் வந்ததா? சேதராப்பட்டில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று உழவனின் நிலத்தை எடுத்தனர். நூற்றுக்கணக்கான ஏக்கர் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. கலப்பையும் ஓடவில்லை; இயந்திரமும் ஓடவில்லை. உழவன் மகனும் நெசவாளி மகனும் ஒரே பேருந்தில் சென்னைக்குப் பிழைக்கப் போகின்றனர். இங்கே மதுக்கடைக்கு மட்டும் வாடிக்கை குறையவில்லை!

நாற்காலியில் அவர் இருந்தாலென்ன, இவர் இருந்தாலென்ன. நம் கேள்வி மூன்றுதான். மில்லை நம்பி முடியை நரைக்கவிட்டவனுக்குச் சேரவேண்டிய பணிக்கொடையும் பாக்கியும் காசு குறையாமல் சேர்ந்தனவா? மில் நிலம் வீட்டுமனை வியாபாரிக்குப் போகுமா, வேலை தரும் தொழிலுக்குப் போகுமா? புதிதாய் வரும் ஆலையில் புதுவைப் பிள்ளைக்கு இடம் உண்டா?

ஆண்டுதோறும் ஜூலை 30-ல் மாலை சூட்டுகிறோம். நல்லது. ஆனால், மாலையோடு கடமை முடிந்ததென்று வீடு திரும்பினால், அந்தப் பன்னிரண்டு பேரும் நம்மை மன்னிப்பாரா? தெருத்தெருவாய் இக்கேள்விகளை எடுத்துச் செல்வோம். வாக்குக் கேட்டு வருபவர் யாராயினும், நம் கட்சிக்காரரே ஆயினும், வாசலில் நிறுத்திக் கேட்போம். சங்கு ஊமையாகலாம், உழைப்பவன் ஊமையாகலாமா?