நகைக்கு ஒரு விலை, நம்ம கவுன்சில் கடனுக்கு ஒரு விலை

உங்கள் வீட்டு லாக்கரில் இருக்கும் சங்கிலியின் மதிப்பு என்ன? கிரீன் ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம், வாட் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். மறுநாள் அதே கடையில் விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை பேசுவார்கள். செய்கூலி போச்சு. கம்பெனிகள் தங்கள் நிதிச் சொத்துகளை மதிப்பிடும்போது பார்ப்பதும் இந்த விற்கிற விலையைத்தான். அதற்குப் பெயர் நியாய மதிப்பு, ஆபீஸ் பேச்சில் ஃபேர் வேல்யூ.

அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளை எழுதுவதுதான் என் வேலை. விதி ஐஎஃப்ஆர்எஸ் 13 என்பதில் இருக்கிறது. 2011-இல் வெளியாகி, 2013 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. அதை எழுதிய அமைப்பின் ஆபீஸ் நம்ம ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒரு ரயில் மாறினால் வரும் கேனரி வார்ஃபில்தான் இருக்கிறது. விதி கேட்பது ஒரே கேள்வி: இன்றைக்கு, அவசரம் இல்லாமல், விஷயம் தெரிந்த ஒருவரிடம் விற்றால் என்ன கிடைக்கும்? கடன் என்றால், அதை இன்னொருவர் தலையில் மாற்றிவிட என்ன கொடுக்க வேண்டும்?

பதில் மூன்று படிகளில் கிடைக்கும். முதல் படி, சந்தையில் அதே பொருளுக்கே விலை ஓடிக்கொண்டிருப்பது. லண்டன் பங்குச் சந்தையில் தினமும் கைமாறும் பங்கு அப்படி. இரண்டாம் படி, பக்கத்து வீடு போன மாதம் என்ன விலைக்குப் போச்சு என்று பார்த்து நம்ம வீட்டுக்கு விலை சொல்வது மாதிரி: நேரடி விலை இல்லை, ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய தகவல் இருக்கிறது. மூன்றாம் படி, ஊரில் இன்னும் பாகம் பிரிக்காத தாத்தா நிலம் மாதிரி. விலை கேட்டால் சித்தப்பா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வார். இங்கே கம்பெனி தன் சொந்த அனுமானங்களை வைத்துத்தான் கணக்குப் போடும். அதனால் அந்த அனுமானங்கள் என்ன என்பதையும் வெளியே சொல்ல வேண்டும்.

டெரிவேட்டிவ் என்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் படி விவகாரம். கையெழுத்துப் போடும் நாளில் அதன் மதிப்பு சுழியாகக்கூட இருக்கலாம். சந்தை நகர நகர மதிப்பும் நகரும். இதை அனுபவத்தில் கற்றுக்கொண்ட ஊர் கோவை, திருப்பூர் பக்கம். 2007-இல் அங்கே பல நிறுவனங்கள் வங்கிகளோடு அந்நியச் செலாவணி ஒப்பந்தங்கள் போட்டன. கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ், ஆக்சிஸ் வங்கியோடு டாலர், சுவிஸ் ஃபிராங்க் விலையை ஒட்டி ஓர் ஒப்பந்தம் போட்டது. 2008 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்கியது. 'இது பந்தயம், செல்லாது' என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடியது. அந்த ஆண்டு அக்டோபரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

'கெடு தேதி இன்னும் வரலையே, அதுக்குள்ள எதுக்கு நஷ்டம்னு எழுதணும்?' என்ற கேள்வி அப்போது எழுந்தது. 2008 மார்ச் மாதமே இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் பதில் சொல்லிவிட்டது: இன்றைய சந்தை விலைப்படி நஷ்டம் தெரிந்தால், இன்றைய கணக்கிலேயே அதற்கு இடம் ஒதுக்கு.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம்ம நியூஹாம் கவுன்சிலைப் பாருங்கள். லோபோ என்ற வகைக் கடனை அதிகமாக வாங்கிய கவுன்சில்களில் அதுவும் ஒன்று. இவை பல பத்தாண்டுகளுக்கான கடன்கள். குறிப்பிட்ட தேதிகளில் வட்டியை ஏற்ற வங்கிக்கு உரிமை உண்டு. ஏற்றினால் கவுன்சில் ஒத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வெளியேறலாம். சந்தை வட்டி ஏறினால் வங்கி ஏற்றிக்கொள்ளும். இறங்கினால் கவுன்சில் பழைய வட்டியையே கட்டிக்கொண்டிருக்கும்.

சும்மா ஒரு கணக்கு: 100 பவுண்டு கடன், 4 சதவீத வட்டி, இன்னும் 40 ஆண்டு பாக்கி. சந்தை வட்டி 2 சதவீதமாக இறங்கினால், அந்தக் கடனின் நியாய மதிப்பு ஏறக்குறைய 155 பவுண்டு. வாங்கியது 100, தலைமுழுக 155. வங்கியிடம் இருக்கும் அந்த உரிமைக்குத் தனி விலை வேறு.

2016-இல் பார்க்லேஸ் அந்த உரிமையைக் கைவிட்டு, தன் கடன்களை நிலையான வட்டிக்கு மாற்றியது. லைபார் வட்டி விவகாரத்தில் அது 2012-இல் அபராதம் கட்டியிருந்தது. அதை வைத்து நியூஹாம் உட்படச் சில கவுன்சில்கள் வழக்குப் போட்டன. 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

2025-இல் நம்ம கவுன்சில் வரி 8.99 சதவீதம் ஏறியது ஞாபகம் இருக்கும். அதற்கு முக்கியக் காரணம் தற்காலிக வீடுகளுக்கான செலவு. பழியை லோபோ மேல் போட முடியாது. ஆனால் நம்ம பிள்ளைகளுக்கு நாற்பது வயது ஆகும்போதும் யாரோ கட்டிக்கொண்டிருக்கப் போகிற கடன்கள் இந்த மாதிரி ஒப்பந்தங்களில் இருக்கின்றன. அவற்றின் நியாய மதிப்பு கவுன்சிலின் ஆண்டுக் கணக்கில், பின்பக்கக் குறிப்புகளில் அச்சாகிறது. கடனின் புத்தக மதிப்பு ஒரு பத்தியிலும் நியாய மதிப்பு பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி, எந்தப் படி என்று போட்டிருக்கிறார்கள், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு ஆண்டும் 30 வேலை நாட்களுக்கு அந்தக் கணக்கைப் பார்வையிட நமக்கு உரிமை உண்டு. வாக்காளராக இருந்தால் தணிக்கையாளரிடம் கேள்வியும் கேட்கலாம். நகைக்கடையில் சேதாரம் எவ்வளவு என்று விடாமல் கேட்கத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கத் தெரியாதா என்ன?