லண்டன் வழியாக வரும் பக்கத்து வீட்டுக் கதைகள்

கதை, வணிகம், கலை: பெங்களூரைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகர் படிக்கவேண்டிய புத்தகங்கள்

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தால், இந்த நகரம் கம்ப்யூட்டரைவிடப் புத்தகத்தைத்தான் அதிகம் நம்புகிறதோ என்ற சந்தேகம் வரும். பிளாசம், புக்வர்ம் என்று கடைகளில் கூட்டம். அருகில் டி.எஸ். ஷான்பாக் நடத்திவந்த பிரிமியர் புத்தகக் கடை 2009இல் மூடப்பட்டபோது வாசகர்கள் நெருங்கிய உறவினரை இழந்ததுபோல வருந்தினார்கள். ஃபிளிப்கார்ட் நிறுவனம்கூட 2007இல் இந்த ஊரில் புத்தகம் விற்கத்தான் ஆரம்பிக்கப்பட்டது. 2018இல் அதன் 77 சதவிகிதப் பங்குகளுக்கு வால்மார்ட் கொடுத்த விலை 1,600 கோடி டாலர்.

இங்கே லட்சக்கணக்கில் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது அவர்களில் பலருக்கு லண்டன் சொல்லித்தான் தெரியவருகிறது.

பானு முஷ்டாக் விஷயத்தில் நடந்தது இதுதான். ஹாசனைச் சேர்ந்த இந்த வழக்கறிஞர் பல பத்தாண்டுகளாகக் கன்னடத்தில் எழுதிவருபவர். ஒரு காலத்தில் லங்கேஷ் பத்திரிகையின் நிருபர். மசூதியில் தொழும் உரிமை பெண்களுக்கும் உண்டு என்று சொன்னதற்காக 2000இல் சமூகப் புறக்கணிப்பைச் சந்தித்தார். அவரது கதை ஒன்றை கிரீஷ் காசரவள்ளி 2004இல் ‘ஹசீனா’ என்று படமாக்கினார். ஆனாலும் கர்நாடகத்துக்கு வெளியே அவர் பெயர் பரவலாகத் தெரிந்தது, 2025 மே 20 அன்று ‘ஹார்ட் லாம்ப்’ தொகுப்புக்கு சர்வதேச புக்கர் பரிசு கிடைத்த பிறகுதான். கன்னடத்துக்கு முதல் முறை. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கும் முதல் முறை. 50,000 பவுண்டு பரிசு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்திக்கும் சரிபாதி.

1990 முதல் 2023 வரை எழுதப்பட்ட 12 கதைகள். எல்லாம் முஸ்லிம் குடும்பங்களின் நடுவீட்டில் நிகழ்கின்றன. தலைப்புக் கதையில், கணவன் வேறொருத்தியை நாடிப் போனதால் கைக்குழந்தையோடு பிறந்த வீடு வருகிறாள் மெஹ்ருன். அண்ணன்மார் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அன்றிரவு மண்ணெண்ணெய்க்கும் அவளுக்கும் நடுவே நிற்பது அவளுடைய மகள் மட்டுமே. மதத்தின் பெயரை எடுத்துவிட்டால் இது தஞ்சாவூரிலும் மதுரையிலும் நடக்கிற கதைதான். எல்லாக் கதைகளும் ஒரே தரமல்ல. சிலவற்றில் எழுத்தாளரை மீறி வழக்கறிஞர் வாதாடத் தொடங்கிவிடுகிறார். ஆனால் வட்டார வழக்கை அடிக்குறிப்பு எதுவும் இல்லாமல் அப்படியே விட்டிருக்கும் மொழிபெயர்ப்பு, வெள்ளைக்காரரைவிட நமக்குத்தான் எளிதில் புரியும்.

பணம் வந்த வீடு எப்படி மாறுகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’ குறுநாவலைத் தேடலாம். 2013இல் கன்னடத்தில் வந்தது, கே. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. சித்தப்பாவின் மசாலா வியாபாரம் செழித்து, எறும்பு மொய்த்த சிறிய வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குக் குடிபெயரும் குடும்பம், அந்தப் பணத்தைக் காப்பாற்ற எதையும் செய்யத் தயாராகிறது.

ஒரு குடும்பத்துக்கு நடந்தது நகரத்துக்கும் நடந்தது. அதைப் பேசுவது மாலினி கோயல், பிரசாந்த் பிரகாஷ் இருவரும் எழுதி 2023இல் வெளியான ‘அன்பாக்சிங் பெங்களூரு’. 1983இல் புனேயிலிருந்து இன்போசிஸ் வந்தது, 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது என்று ஆரம்பித்த ஓட்டம், புதுத் தொழில்களின் தலைநகராக இதை மாற்றிய விதத்தைத் தெரிந்துகொள்ள உதவும் நூல். ஆசிரியர்களில் ஒருவர் பத்திரிகையாளர், மற்றவர் முதலீட்டாளர். நகரத்தின் மீது பணத்தையே பந்தயம் கட்டியவரின் நம்பிக்கை இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்க நின்றால், லால்பாக். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். 1889இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல். இதன் வரலாற்றைக் கலைஞரின் கண்ணால் எழுதியிருக்கிறார் ஓவியரும் கலை வரலாற்று ஆசிரியருமான சுரேஷ் ஜெயராம். ‘பெங்களூர்ஸ் லால்பாக்’ என்ற அந்த நூல் மரங்களின் பட்டியல் அல்ல. ஒரு தோட்டத்தின் கதை, அதைச் சுற்றி வளர்ந்த நகரத்தின் கதையும்தான். தமிழ் வாசகர் இங்கே கவனிக்கவேண்டியவர்கள் திகளர்கள். தமிழ் மண்ணிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இந்தத் தோட்டக்கார சமூகம்தான் இன்றும் கரகத் திருவிழாவை நடத்துகிறது. பெங்களூரின் பசுமையில் தமிழ்க் கைகளுக்கும் பங்கு உண்டு.

காவிரி என்றால் கொதிக்கிற இரு மொழிகளுக்கு நடுவே அமைதியாக வேலை செய்துவருபவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். பைரப்பாவின் ‘பர்வ’ நாவலைப் ‘பருவம்’ என்று தமிழில் தந்து சாகித்ய அகாதெமி விருது பெற்றவர் பாவண்ணன். நேமிசந்த்ராவின் ‘யாத் வஷேம்’ நாவலுக்காக நல்லதம்பிக்கும் அதே விருது. ஹிட்லரிடமிருந்து தப்பிப் பெங்களூர் வந்துசேரும் யூதச் சிறுமியின் கதை அது. லண்டனைச் சுற்றாமல் நேராக வந்த புத்தகங்கள் இவை.

அல்சூர் ஏரி அருகே 1991இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. சிலைகளுக்கு அரசுகளின் அனுமதி வேண்டியிருந்தது. புத்தகத்தைத் திறக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.