மூட்டு வலி மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

என் தாயாருக்கு வயது அறுபத்து நான்கு. முழங்கால் வலி அவருக்குப் பல ஆண்டுத் துணை. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் வலி கூடியபோது, முன்பு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையில் மிச்சமிருந்ததைக் காலையும் மாலையும் விழுங்கத் தொடங்கினார். இடுப்பும் வலிக்கிறதென்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி மருந்துக் கடையிலிருந்து வேறொரு மாத்திரையும் வாங்கிக்கொண்டார். ஒன்று வெள்ளை, மற்றொன்று இளஞ்சிவப்பு. "அது காலுக்கு, இது இடுப்புக்கு" என்பது அவருடைய கணக்கு. ஒன்பதாம் நாள் மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. எழுந்து நின்றவர் தலைசுற்றி விழுந்தார். இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிகிறது என்றார்கள் மருத்துவமனையில். இரண்டு புட்டி இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

அன்றிரவு அந்த இரண்டு அட்டைகளையும் விளக்கடியில் வைத்துப் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தேன். இரண்டிலும் இருந்தது ஒன்றேதான்: அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். நிறுவனம் வேறு, பெயர் வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்று. நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாத அசிக்ளோஃபெனாக்கை அவர் 400 மில்லிகிராம் உட்கொண்டு வந்திருக்கிறார். மாணவர்களுக்கு அளவீட்டுப் பிழைகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான், வீட்டு அலமாரியில் இருந்த அட்டையை அதுவரை திருப்பிப் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில் படித்தறிந்தவையே இக்கட்டுரை.

வலி எவ்வாறு உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மூட்டிலோ தசையிலோ திசு காயமுற்றால், உயிரணுக்களின் சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்புப் பொருள் விடுபடுகிறது. அதனைச் சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்ற நொதி பற்றி, சில படிகளில் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. இவை நேரடியாக வலியை உண்டாக்குவதைக் காட்டிலும், அருகிலுள்ள நரம்பு முனைகளின் உணர்வைப் பெருக்கிவிடுகின்றன. திருவிழா ஒலிபெருக்கியில் யாரோ குமிழைத் திருகிவிட்டால் மெல்லிய இருமல்கூட ஊர் முழுவதும் கேட்குமல்லவா? அதுபோல, வீங்கிய மூட்டில் மெல்லத் தொட்டாலும் வலி துள்ளுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, வீக்கமும் சூடும் சேர்கின்றன. இதையே அழற்சி என்கிறோம்.

அழற்சி நீக்கி மாத்திரை செய்யும் வேலை எளிது. அந்த நொதியின் இருக்கையில் தான் போய் அமர்ந்துகொண்டு, அரக்கிடோனிக் அமிலத்திற்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஸ்பிரின் 1899-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற ஆங்கிலேய அறிஞர் வெளியிட்டதோ 1971-இல். எழுபத்திரண்டு ஆண்டுகள் உலகம் காரணம் தெரியாமலேயே அதை விழுங்கிவந்தது! புரோஸ்டாகிளாண்டின்களை ஆராய்ந்த பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் ஆகிய சுவீடன் நாட்டவர் இருவருடன் வேனுக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் புரோஸ்டாகிளாண்டின் வலிக்காக மட்டும் படைக்கப்பட்டதன்று. இரைப்பையின் உட்சுவரில் வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது. இரைப்பை தன் அமிலத்தால் தானே அரிக்கப்படாமல் காப்பது அதுதான். அந்தப் படலத்தைச் சுரக்கச் செய்வதும், சுவருக்கு இரத்தம் பாயச் செய்வதும் புரோஸ்டாகிளாண்டின்களின் பணி. மாத்திரைக்கு "முழங்கால் மட்டும்" என்று முகவரி எழுதியனுப்ப முடியாது. அது இரத்தத்தில் கலந்து எல்லா இடத்திற்கும் போகிறது. வயிற்றிலும் அதே நொதியை அடைக்கிறது. "சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது", "ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குத் தொல்லையில்லை" என்று நம்மிடையே வழங்கும் பேச்சு முழு உண்மையன்று என்பது இதனால் விளங்கும். உணவு எரிச்சலைச் சற்றுக் குறைக்கலாம். இரத்த வழியாக வரும் கேட்டை அது தடுப்பதில்லை. என் தாயார் ஒரு நாளும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டவரல்லர்.

இந்த நொதியில் இரு வகை உண்டு என்பது 1990-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. முதல் வகை வயிறு போன்ற இடங்களில் அன்றாடக் காவலுக்கு இருப்பது; இரண்டாம் வகை பெரும்பாலும் அழற்சியின்போது தோன்றுவது. இரண்டாவதை மட்டும் அடைக்கும் மருந்து செய்தால் வயிறு தப்புமே என்று எண்ணி அத்தகைய மருந்துகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றுள் ஒன்றான ரோஃபிகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவதாகத் தெரிந்து 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அசிக்ளோஃபெனாக் இரண்டாம் வகையின் பக்கம் சாய்ந்தது. ஆயினும் முதல் வகையை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. இருபுறத்துத் தீங்கும் அதற்கு ஓரளவு உண்டு.

சரி, கூட்டு மாத்திரை எதற்கு? பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து வலியைத் தணிக்கிறது. வீக்கத்தை அது அதிகம் தொடுவதில்லை. இரு வேறு வழிகளில் செல்லும் மருந்துகளைச் சேர்த்தால் பயன் கூடும் என்பது நியாயமே. பல் பிடுங்கிய பின் வரும் வலியில் இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து, தனித்தனியே தருவதைவிட நல்ல பலன் தருகின்றன என்று சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் மூன்றாவதாகச் சேர்ப்பவற்றைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. வீக்கம் வடியச் செராஷியோபெப்டிடேஸ் என்ற நொதியைச் சேர்த்த மாத்திரை நம் கடைகளில் ஏராளம். பட்டுப்புழுவின் குடலில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்த பொருள் இது. இதை முதலில் விற்ற ஜப்பான் நிறுவனமே, வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை என்று சோதனையில் தெரிந்தபின் 2011-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்னும் சில கூட்டுகளில் குளோர்சாக்சசோன் போன்ற தசை தளர்த்திகள் இருக்கும். அவை தூக்கத்தை வரவழைக்கும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாகாது.

வலி குறையவில்லையென்றால் இன்னொன்று போடுவது நம்மவர் இயல்பு. இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஐம்பது இருக்கைகள் உள்ள பேருந்தில் நாற்பத்தெட்டுப் பேர் அமர்ந்துவிட்டார்கள். இன்னும் ஐம்பது பேர் ஏறினால் அமரப்போகிறவர் இருவர்தாம். மற்றவர் நெரிசலுக்கே உதவுவர். மருந்தும் அவ்வாறே. நொதி இருக்கைகள் பெரும்பாலும் நிரம்பிய பின் அளவை இரட்டித்தால் வலித் தணிப்பு இரட்டிப்பதில்லை. இபுபுரூஃபனில் ஒரு வேளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போனால் வலி தணிவதில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. வயிற்றுப் புண்ணின் வாய்ப்போ அளவோடு கூடிக்கொண்டே போகிறது.

இன்னொரு கணக்கு, கதிரியக்கம் படித்த மாணவர்களுக்குப் பழக்கமான அரை ஆயுட்காலம். அசிக்ளோஃபெனாக்கின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகிறது. 12 மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். நாளுக்கு இருமுறை என்று மருத்துவர் எழுதுவதன் பொருள் இதுவே. இடையில் ஒன்றைச் செருகினால் பழையது கழியுமுன் புதியது சேர்ந்துவிடும்.

பாராசிட்டமாலின் கணக்கு வேறு விதத்தில் ஏமாற்றும். உடல்நலமுள்ள வளர்ந்தவர் ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மெலிந்தவரும், குடிப்பழக்கம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவரும் அதற்கும் கீழே நிறுத்த வேண்டும். மூட்டு வலி மாத்திரை இரண்டு என்றால் 650 மில்லிகிராம். அதே நாளில் காய்ச்சலுக்கென்று 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு, அது 2,600. சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை, அதற்குள்ளும் 500 வீதம் மூன்று வேளை, அது 1,500. மொத்தம் 4,750! விழுங்கியவர் மூன்று நோய்க்கு மூன்று மருந்து சாப்பிட்டதாகவே நினைத்திருப்பார். பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளூட்டாதையோன் என்ற பொருள் அதைத் துடைத்துவிடும். கையிருப்புக் குளூட்டாதையோன் தீர்ந்தால் நச்சு கல்லீரலையே தாக்கும். முதல் நாளில் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாமலிருக்கலாம் என்பதே இதில் கொடுமை. மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகுந்த பலன் தரும். ஆகவே அளவு மீறிவிட்டதென்று தெரிந்த உடனே, நோய்க்குறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதியில் நிற்கும். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய்க் கொத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரவுக் குழாய், ஒரு போக்குக் குழாய் உண்டு. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். உடலில் நீர் குறையும்போது வரவுக் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை அதை நிறுத்தினால் வரவு சுருங்குகிறது. இரத்த அழுத்தத்திற்குத் தரும் எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை போக்குக் குழாயை விரிக்கின்றன. சிறுநீர் பெருக்கி மாத்திரை தொட்டியிலுள்ள நீரையே குறைக்கிறது. வரவு சிறுத்து, போக்கு பெருத்து, தொட்டியும் வற்றினால் அழுத்தம் என்னவாகும் என்பதைப் பள்ளி மாணவரும் சொல்லிவிடுவர். இம்மூன்றையும் சேர்த்து உண்ணும் முதியவர், வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளில் சிறுநீரகச் செயலிழப்புக்கு மிக அருகில் நிற்கிறார்.

இந்தச் சிறுநீரகக் கேட்டினால் ஒரு பறவையினமே அழிவின் விளிம்புக்குப் போன வரலாறு உண்டு. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையே 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோயின. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவது 2006-இல் தடை செய்யப்பட்டது. மாட்டின் உடலுக்குள் அசிக்ளோஃபெனாக்கும் டைக்ளோஃபெனாக்காக மாறிவிடுவதால் 2023-இல் அதற்கும் தடை வந்தது. நம் மாநிலத்தில் எஞ்சிய பாறுகளை முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் காணலாம். மனிதரின் சிறுநீரகம் பாறுகளுடையதைப்போல அவ்வளவு எளிதில் கெடுவதில்லை என்பது நமக்கு ஆறுதல்.

மழைக்காலத்தில் இன்னொரு வலையும் விரிந்திருக்கிறது. காய்ச்சலோடு மூட்டும் தசையும் வலித்தால் அது டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். அழற்சி நீக்கிகள் தட்டணுக்களின் வேலையை மேலும் தடுத்து இரத்தப்போக்கை உண்டாக்கக் கூடும். காய்ச்சல் இன்னதென்று தெரியும்வரை தனிப் பாராசிட்டமால் போதும். மூட்டு வலியென்று கூட்டு மாத்திரையை எடுத்துவிடாதீர்கள்.

வயிற்றுப் புண் முன்பே வந்தவர், மாரடைப்பு வந்தவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர், கருவுற்று 20 வாரம் கடந்தவர், இத்தகைய மாத்திரையால் முன்பு மூச்சிரைப்பு வந்தவர் ஆகியோர் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இம்மருந்துகளைத் தொடலாகாது. இதயத்துக்காகச் சிறு அளவு ஆஸ்பிரின் உண்பவர் இபுபுரூஃபனை முன்னதாக விழுங்கினால், ஆஸ்பிரினுக்குத் தட்டணுக்களில் இடம் கிடைக்காமல் போகிறது. மற்றவர்க்கும் குறைந்த அளவு, குறைந்த நாட்கள் என்பதே அளவுகோல். முழங்காலுக்குக் களிம்பாகத் தடவும் அழற்சி நீக்கி போதுமானதாக இருப்பதுண்டு. அதில் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. இதற்குப் பக்கவிளைவும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் எளிதன்று என்பதை என் தாயாரைக் கேட்டால் தெரியும்.

அவர் இப்போது வலக்கால் வலிக்கு இடக்கையில் கோல் ஊன்றி நடக்கிறார், மாலையில் களிம்பு தடவிக்கொள்கிறார். மருந்துக் கடைக்குப் போகும் பையனிடம் பழைய அட்டையைக் கொடுத்தனுப்புவதில்லை. தானே போய், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, பேரு கிடக்கட்டும், உள்ளே இருக்கிறது என்னன்னு படிச்சுச் சொல்லு" என்கிறார். கடைக்காரருக்குத்தான் அது இன்னும் பழக்கப்படவில்லை.