சாரலில் நனையும் லென்ஸ்

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று தென்காசிக்குள் இறங்கும். வெயிலடிக்கும்போதே சாரல் விழும். அந்த வெளிச்சத்துக்காகவே ஒவ்வொரு சீசனிலும் கேமராவோடு குற்றாலம் போகிறேன்.

பேரருவிக்கு எதிரே நின்றால் போதும், நீர்த்திவலை பொடிப்பொடியாக லென்ஸில் படியும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள்; ஒட்டியிருக்கும் மணல்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதுவேன், பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுப்பேன். கேமராவுக்குப் பிளாஸ்டிக் பை, முன்பக்கம் ரப்பர் பேண்ட். கன்னியாகுமரிக் கடலோரம் என்றால் தெறிப்பது உப்புநீர். வீடு திரும்பியதும் ஈரத்துணியால் வெளிப்புறத்து உப்பைத் துடைத்தாக வேண்டும்.

அருவிநீரில் அந்த உப்பு இல்லை. இங்கே எதிரி பூஞ்சை. ஒரு வருஷம் ஈரம் காயாமல் தோல்பையில் வைத்த லென்ஸை ஐப்பசியில் எடுத்தேன். உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். மனசு ஆறவேயில்லை. இப்போது காற்றுப் புகாத டப்பா, அதில் சிலிக்கா ஜெல். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்துவேன்.

ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கானால் துளிகள் முத்தாக நிற்கும். கால் நொடியானால் அருவி பட்டாக வழியும்.

பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால், படத்தை விட்டுவிட்டு உடனே விலகிவிடுங்கள்.